வாசல் வெளிச்சத்தில் ஒரு பட்டன்

அன்று வெள்ளிக்கிழமை. தினசரிக் காலண்டரில் நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. பத்தரைக்கு ராகு காலம். அந்தத் தாளைக் கிழிக்காமல் அப்படியே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். எடுத்த பிறகும் மூன்று முறை பார்த்தேன். மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு ஆட்டோவில் போகும்போது இரண்டு முறை. நேரம் மாறிவிடவில்லை.

எனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். மாமனார் படுக்கையில் விழுந்தார், எழவில்லை. மகள் வளர்ந்தாள், தோளைத் தாண்டினாள். அதற்குள் நான் விட்டுவந்த டிசைன் வேலை ஆள் அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருந்தது. நாற்பத்தேழு வயதில் மறுபடி வேலை கேட்டுப் போனால், எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பதில் தெரிந்துவிடும். நான் நிறைய தண்ணீர் குடித்திருக்கிறேன்.

நந்தனத்தில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், இரண்டாம் மாடியில் ஒரு சின்ன டிசைன் அலுவலகம். அதன் முதலாளி ஒரு காலத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவள். அவள்தான் அழைத்தாள்.

"அக்கா, நாலு நாள் வாங்க. ஒரு பட்டுப்புடவைக் கடை வேலை. வெள்ளிக்கிழமை அவங்க சைட்டு ஒழுங்கா திறந்துடுச்சுன்னா சீட்டு உங்களுக்கு. இல்லைன்னா மனசுல வச்சுக்கக் கூடாது."

"நான்தான் வேணும்னு எப்படித் தோணுச்சு?"

"கடைக்காரருக்கு சைட்டுல பளபளன்னு பட்டன் வேணுமாம். எங்க ஆளுங்களுக்கு அது வரலை."

அது உண்மை. அங்கிருந்த எல்லோரும் இப்போதைய வழக்கப்படி தட்டையாக வரைந்தார்கள். ஒரு வண்ணம், ஒரு கட்டம், உள்ளே எழுத்து, முடிந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட அப்பளம் மாதிரி. கடைக்காரர் பார்த்துவிட்டு "இது ஸ்டிக்கர்லா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். படம் வரையும் ஏஐயிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது கொடுத்த பட்டன் செல்போனில் நன்றாக மின்னியது. கடைச் சுவரில் மாட்டப் போகிற பெரிய டீவிக்காக அதை இழுத்துப் பெரிதாக்கினால், ஓரமெல்லாம் கஞ்சி மாதிரி வழிந்தது.

வெக்டரில் வரைந்தால் வழியாது. வெக்டர் என்பது படமே இல்லை, ஒரு கணக்கு. இந்தப் புள்ளியில் தொடங்கு, இவ்வளவு வளை, அந்தப் புள்ளியில் முடி. ஆள்காட்டி விரல் நகத்தளவு வரைந்ததைச் சுவரளவு பெரிதாக்கினாலும் வளைவு வளைவாகவே இருக்கும். என் கைக்கு அது இன்னும் ஞாபகம் இருந்தது. வரைந்துகொண்டிருக்கும்போது எனக்கு மூச்சு விடுவதே மறந்துபோகும். அதுவும் மாறவில்லை.

மூன்று நாள் அந்த ஒரு பட்டனோடு இருந்தேன். முனை மழுங்கிய நீள்சதுரம். அதற்குள் அரக்கு நிறம், கீழே ஆழமாக, மேலே போகப் போக இளகி. அதன்மேல் பாதி உயரத்துக்கு ஒரு வெள்ளை முட்டை வடிவம். அதை வெட்டி, நீர்க்கவைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி. உள் விளிம்பில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. வெளியே நிழல். பிறகு மென்பொருளில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், கடிகார முகம் மாதிரி. அதில் ஒரு முள்ளைத் திருப்பினால் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பட்டனுக்குத் தெரியும். மேலே திருப்பினால் பட்டன் புடைத்து நிற்கும், விரலை வா வா என்று கூப்பிடும். கீழே திருப்பினால் அதே பட்டன் பள்ளமாகிவிடும். யாரோ ஏற்கெனவே அழுத்திவிட்டுப் போனது போல.

'கூடையில் சேர்' என்று அதன்மேல் எழுதினேன். அதே அச்சில் மற்றவற்றையும் செய்தேன். மொத்தம் முப்பத்தெட்டு.

எங்கள் அலுவலகத்தில் சைட்டைக் கட்டுகிறவர் முப்பத்தைந்து வயது ஆள். வயிறு மேசையில் இடிக்கும். என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இன்னாக்கா, இப்டி மின்னுது? மூஞ்சி தெரியுது. நான் இதுல ஷேவ் பண்ணிக்கட்டா?"

"பண்ணிக்கோ. கீறல் விழாம பார்த்துக்கோ."

"கல்யாண மண்டபத்து குத்துவிளக்கு மாதிரி கீதுக்கா. ஆனா ஒண்ணு, அமுக்கணும்னு தோணுது."

போதும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்காரருக்குச் செல்போனில் அனுப்பினோம். ஒரே வார்த்தை வந்தது: 'நல்லாருக்கு.' அன்று இரவு நான் தூங்கினேன். அதைச் சொல்லக் காரணம், அதற்கு முந்தைய மூன்று இரவும் தூங்கவில்லை.

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை நான் லேப்டாப்போடு கடையில் இருக்க வேண்டும், சைட்டைக் கட்டியவர் நந்தனத்தில் இருப்பார், நல்ல நேரத்துக்குள் கடைக்காரர் முதல் சேலையைத் தானே கூடையில் சேர்த்துத் திறந்துவைப்பார். பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் கடை. எட்டரைக்கே போய்விட்டேன். பாதி ஷட்டர் தூக்கியிருந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை, வெள்ளை விரிப்பு போட்ட மெத்தைகள், சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டீவி. வயரில்லாமல் அதை என் லேப்டாப்புக்கு இரண்டாம் திரையாக இணைத்தேன். அதில் என் பட்டன், தட்டு அளவுக்கு. ஓரம் வழியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி கூட உடையவில்லை.

கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். என் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, பேசும்போது எதிராளியின் புடவையைத்தான் பார்ப்பார், முகத்தை இல்லை. நான் கட்டியிருந்த சில்க் காட்டன் எந்த ஊர், எந்த வருடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஒன்பதே காலுக்கு அவர் டீவியைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார்.

"ஏம்மா, இத வாசலுக்குக் கொண்டு போலாமா?"

"எதைங்க?"

"இந்த பட்டன."

புரியச் சில நொடிகள் ஆயின. பட்டுக் கடைக்காரர்கள் எந்தச் சேலையையும் கடைக்குள் எரியும் விளக்கில் நம்புவதில்லை. நல்ல வாடிக்கையாளர் என்றால் அவர்களே மடிப்பைப் பிரித்து, வாசலுக்குக் கொண்டு போய், பகல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவார்கள். நிறத்தின் நிஜம் வாசலில்தான். அந்த வழக்கத்தை அண்ணாச்சி என் பட்டனுக்கும் கொடுத்தார். அதில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்த நேரத்தில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

லேப்டாப்பைத் திறந்தபடி வாசல் படிக்கட்டில் நின்றேன். காலை வெயில் திரையில் நேராக விழுந்தது. திரையில் தெருதான் தெரிந்தது. மேம்பாலம், ஒரு பூக்கூடை, எதிர்க் கடைப் பெயர்ப் பலகை இடவலம் மாறி. இவற்றுக்கு அடியில் எங்கோ என் பட்டன்.

அண்ணாச்சி அதைச் சேலை மாதிரியே பிடித்தார். சாய்த்தார். திருப்பினார்.

"பாத்தீங்களா? உங்க வெளிச்சம் வலப்பக்கத்துல இருந்து வருது. நம்ம டீவி இருக்க இடத்துல வாசல் இடப்பக்கம்லா. வாசல் இடப்பக்கம் இருக்கயில மின்னுறது வலப்பக்கம் மின்னுனா எப்படி? சேலைன்னா கையில எடுக்க மாட்டாங்க. எங்கயோ ஏமாத்துதான்னு தோணும்."

எந்த வாடிக்கையாளரும் அதைக் கவனித்திருக்க மாட்டார் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி.

"மாத்த எவ்வளவு நேரம் ஆவும்?"

"இதோ, ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம் என்று ஏன் சொன்னேன். படிக்கட்டிலேயே நின்று, லேப்டாப்பை இடது கையில் தாங்கி, வலது கையால் அந்தச் சின்ன வட்டத்தின் முள்ளை இடப்பக்கம் இழுத்தேன். பின்னால் அண்ணாச்சியின் மனைவி, "என்னங்க, நேரம் ஓடுதுல்லா" என்றார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நானும் அண்ணாச்சியும் பார்த்தோம். பட்டனின் இடப்பக்கம் மின்னியது. இடப்பக்கத்தை மட்டும்தான் பார்த்தோம், இரண்டு பேரும்.

"ஆங். இப்பச் சரி."

உள்ளே ஓடினேன். சேமித்தேன். ஒன்றை மட்டும் அனுப்பியிருக்கலாம், பழைய பழக்கத்தில் முப்பத்தெட்டையும் மொத்தமாகத் திரும்ப எடுத்து, அவை இருந்த கோப்பை மூடிவிட்டு, நந்தனத்துக்கு அனுப்பினேன். அவர் சைட்டில் ஏற்றினார்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு டீவியில் பக்கம் மாறியது. சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாப் பட்டனும் பள்ளமாகியிருந்தது.

'கூடையில் சேர்' குழிந்து கிடந்தது. 'தேடு' குழிந்து கிடந்தது. நிறங்கள், அளவுகள், அம்புக்குறிகள், எல்லாமே யாரோ கட்டை விரலால் ஒரே நேரத்தில் அமுக்கிவிட்டது போல உள்ளே போயிருந்தன. நான் தனியாக வரைந்த வெள்ளை முட்டை வடிவம் மட்டும் மேலேயே நின்று மின்னியது. மேலே ஒரு வெளிச்சம், கீழே ஒரு வெளிச்சம். பார்க்கக் கண் வலித்தது.

"இது ஏற்கெனவே வாங்கிட்டுப் போயிட்டாங்க போலல்லா இருக்கு" என்றார் அண்ணாச்சியின் மனைவி, மெதுவாக. கையில் சந்தனக் கிண்ணம்.

போன் அடித்தது. நந்தனம்.

"அக்கா, இன்னாக்கா இது? எல்லாம் உள்ள பூந்துகிச்சு!"

"தெரியுது. பார்த்துக்கிட்டு இருக்கேன்."

கோப்பைத் திறந்தேன். அதிலும் முப்பத்தெட்டும் பள்ளம். மூடியாகிவிட்டதால் பின்னோக்கிப் போக வழியில்லை. பழைய பிரதி வீட்டுக் கணினியில், மயிலாப்பூரில். இந்த நேரத்துப் போக்குவரத்தில் போய்த் திரும்பினால் ராகு காலம் முடிந்து மதியச் சாப்பாடே ஆகிவிடும். முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு மணி நேரம். என்னிடம் இருந்தது முப்பத்தெட்டு நிமிஷம். அந்த எண் பொருத்தம் எனக்கு அப்போது வேடிக்கையாக இல்லை.

எழுதினால் மிகையாகத் தெரியும், ஆனால் விரல்கள் விசைப்பலகை மேல் கிடந்தன, யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி. எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: தண்ணீர் கொண்டுவரச் சொல்லப் போகிறார்கள்.

உண்மையாகவே ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, லைன்ல கீறியா?" என்றார் நந்தனத்துக்காரர். "நீ எத்தினி பட்டன தொட்ட?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணத் தொட்டா ஒண்ணுதான கவுரணும்? மத்ததுலாம் இன்னாத்துக்குக் கவுந்துச்சு? அதுங்களுக்குள்ள இன்னா, சொந்தமா பந்தமா?"

சொந்தம்தான்.

அந்தச் சின்ன வட்டத்துக்குக் கீழே ஒரு டிக் பெட்டி இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான வெளிச்சம் என்று அர்த்தம். அது டிக்காகி இருந்தால், ஒன்றின் முள்ளைத் திருப்பும்போது கோப்பில் உள்ள அத்தனைக்கும் முள் திரும்பும். அது தானாகவே டிக்காகித்தான் வரும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதை எடுத்துவிடுவேன். தூக்கத்தில் கூட எடுப்பேன். இந்த முறை எடுக்கவில்லை. வாசலில், வெயிலில், முள்ளை இடப்பக்கம் இழுத்தவள் கிடைக்கோட்டுக்குக் கீழேயும் இழுத்துவிட்டேன். வெயில் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"லைன்லயே இரு" என்றேன்.

முதல் பட்டனைத் திறந்தேன். முள்ளைப் பிடித்து மெதுவாக மேலே, இடப்பக்க மூலைக்கு. முப்பத்தெட்டும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தன. வகுப்பறையில் டீச்சர் உள்ளே வந்ததும் எழுந்து நிற்பது போல. நான் வாயைத் திறந்து மூச்சு விட்டதைப் பக்கத்திலிருந்த பெண் பார்த்தாள்.

ஒன்பது நாற்பத்தெட்டு. மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும். கடையின் வைஃபை, வாசல் திறந்ததும் வருகிற கூட்டத்தின் செல்போன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கோப்பு ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. பாதியில் நின்றது. என் செல்போன் இணைப்பைக் கொடுத்தேன். முதலிலிருந்து ஊர ஆரம்பித்தது.

அப்போதுதான் அவள் வந்தாள், என் முதலாளி. ஆட்டோவிலிருந்து இறங்கி, கூந்தலைச் சரி செய்தபடி, சிரித்த முகத்தோடு உள்ளே நுழைந்தவள் டீவியைப் பார்த்தாள். அங்கே இன்னும் பள்ளங்கள்தான். சிரிப்பு போய்விட்டது.

"அக்கா. என்ன இது?"

காதில் இருந்த போனில் நந்தனத்துக்காரரின் குரல், தாழ்ந்து, வேகமாக: "அக்கா, மேடம் வந்துட்டாங்களா? நம்ம சைடு சர்வர்ல பழசு ஏறிக்கினுதுன்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன். எனக்குத் திட்டு புதுசா இன்னா?"

அது மிக எளிதாக இருந்தது. அவள் நம்பியிருப்பாள். அண்ணாச்சிக்கு சர்வர் என்றால் சாப்பாடு பரிமாறுகிறவர். நாற்காலி எனக்கு. இரண்டு நொடி, உண்மையில் மூன்று நொடி, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்த இடம் பள்ளமாக இருந்தது.

"என் கை தப்பு" என்றேன். "பொது வெளிச்சத்து டிக்கை எடுக்க மறந்துட்டேன். சரி பண்ணிட்டேன். ஏறிக்கிட்டு இருக்கு."

போனில் "அய்ய" என்று ஒரு சத்தம்.

அவள் என்னைப் பார்த்தாள். பட்டன்களைப் பார்த்தாள். போய் அண்ணாச்சியிடம் நின்றுகொண்டாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நான் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். பாதி தாண்டியது. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் மனைவி காலண்டரைப் பார்க்கிறார். முக்கால். எதிர்க் கடையில் யாரோ தேங்காய் உடைத்தார்கள், எனக்கு உள்ளே ஏதோ உடைந்தது போல் தூக்கிப்போட்டது. கோடு முக்கால்தான் இன்னும்.

பத்து எட்டு. "ஏறிடுச்சுக்கா, ரிஃப்ரெஷ் குடு!"

கொடுத்தேன். டீவி ஒரு கணம் வெள்ளையானது. பிறகு முப்பத்தெட்டும் இடப்பக்கம் வாசலைப் பார்த்துக்கொண்டு, புடைத்து, மின்னி நின்றன. வாசலிலிருந்து விழுந்த நிஜ வெளிச்சம் டீவிக் கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அதுவும் என் கோடும் ஒன்றாகச் சேர்ந்தன. அண்ணாச்சி அதைத்தான் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்க்கவில்லை.

"நல்லாருக்கும்மா."

அவர் மனைவி முன்னே வந்து சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, டீவியில் பொட்டு வைத்தார். எங்கே என்றால், சரியாக அந்தப் பட்டன்மேல். மூன்று நாள் நான் வெட்டி, நீர்க்கவைத்து, கண்ணாடியாக்கிய அந்த வெள்ளை மினுக்கத்தின் நடுவில், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. இனி அதை யாரும் துடைக்க மாட்டார்கள்.

அடுத்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, வலது கையை நீட்டிக்கொண்டு டீவியை நோக்கி நடந்தார். அழுத்தப் போகிறார். டீவியில். அது தொடுதிரை இல்லை. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நல்ல நேரத்தில், குடும்பம் முழுக்கப் பார்த்திருக்க, முதல் பட்டனை அமுக்கி அது அசையாமல் நின்றால், இனி எத்தனை தரம் நிமிர்த்தினாலும் நிமிராது. "அண்ணாச்சி, மவுஸ்..." என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் கண் மூடியிருந்தது.

லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டேன். அம்புக்குறியை 'கூடையில் சேர்' மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டை விரலைப் பார்த்தேன். அது பொட்டை நெருங்கியது. நின்றது. ஒரு யோசனை போல. பிறகு குங்குமத்தின் நடுவில் பதிந்தது.

நான் கிளிக் செய்தேன்.

பட்டன் அவர் விரலுக்கு அடியில் உள்ளே போனது. வெளியே வந்தது. கூடையின் மேல் 'ஒன்று' என்று எழுந்தது. கடை முழுக்கக் கை தட்டினார்கள். அண்ணாச்சி விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்து, "அமுக்க நல்லா மெத்துன்னு இருக்கு" என்றார்.

பத்து பதினொன்று.

கேசரி கொடுத்தார்கள். நெய் கையில் ஒட்டியது. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். என் முதலாளி பக்கத்தில் வந்து நின்றாள். டீவியைப் பார்த்தபடியே பேசினாள்.

"கிளிக் நீங்கதானே பண்ணீங்க?"

"ஆமா."

"நான் உங்க விரலத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

கேசரியில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றாள், முன்பு பக்கத்து இருக்கையில் இருந்தபோதும் அப்படித்தான்.

"சர்வர்ல பழசு ஏறிடுச்சுன்னு நம்ம சைட்டு கட்டுறவன் இப்பத்தான் எனக்கு போன் பண்ணி திட்டு வாங்கிக்கிட்டான்" என்றாள். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவன் ஒண்ணு சொல்றான். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல இருந்தா எனக்குத்தான் தலைவலி."

'இருந்தா' என்றாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன், இழுக்கவில்லை.

"திங்கக்கிழமை ஒன்பதரை. ஜன்னலோரச் சீட்டுதான் காலியா இருக்கு. காலையில நேரா வெயில் அடிக்கும்."

"எந்தப் பக்கத்துல இருந்து?" என்று கேட்டேன்.